'பரீட்சார்த்தம்' என்று முத்திரை குத்திய இராணுவப் பையை வாங்கலாமா, கொழும்பில் வைத்திருக்கலாமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வெளிநாட்டு ஏலத் தளம் ஒன்றில் அமெரிக்க இராணுவத்தின் முதுகுப்பை ஒன்று 1,100 டொலருக்குக் கிடக்கிறதாம். பச்சை நைலோன், உள்ளே வெள்ளை லேபல், அதன்மேல் 'பரீட்சார்த்தம்' என்று ஆங்கிலத்தில் கறுப்பு மையில் ஒரு முத்திரை. வியட்நாம் போருக்காக 1965இல் செய்து பார்த்த மாதிரி, உலகத்தில் நாலைந்துதான் மிச்சம் என்கிறார் விற்பவர். டொரொன்டோவில் இருக்கும் சித்தப்பா மகன் வாங்கி அனுப்பத் தயார். இது அசலா, இப்படியான அபூர்வமான கள உபகரணங்களைச் சேர்க்கத் தொடங்குவது எப்படி என்பதுதான் அவர் எழுதிய கேள்வி. அதற்குள் வேறு இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒரு பொருள் உண்மையிலேயே சோதனைக்காகச் செய்யப்பட்டதா என்பதை எதை வைத்துச் சொல்வது? அசல் என்றே வைத்துக்கொண்டாலும், கொழும்பில் ஒரு தமிழ் வீட்டு அலுமாரிக்குள் அதை வைத்திருப்பது புத்தியா?

நான் படையில் இருந்தவன் அல்ல, வியாபாரியும் அல்ல, சட்டத்தரணியும் அல்ல. கார்மென்ட்ஸ் துறையில் துணி ஆய்வுகூடத்திலும் பிறகு ஒரு வொஷிங் பிளான்டிலும் பல வருடம் வேலை செய்தவன். துணி, நூல், தையல், சாயம், மை இவை பற்றிச் சொல்வதை நம்பலாம். வெப்பமண்டலத்துக்காகச் செய்யப்பட்ட இராணுவத் துணிகளின் சோதனை அறிக்கைகளையும் சிறு துணி மாதிரிகளையும் சேர்த்து வருகிறேன். முழுப் பொருட்கள் என்னிடம் அதிகம் இல்லை. ஏன் என்பது பின்னால் வரும்.

முதலில் உங்கள் பை. நீங்கள் அனுப்பிய லேபல் படத்தில் 8465-01 என்று தொடங்கும் பதின்மூன்று இலக்க எண் தெளிவாகத் தெரிகிறது. அது ஒன்றே 1965 என்ற கதையை முடித்துவிடுகிறது. அமெரிக்கப் படைகளின் கையிருப்பு எண் 1974 வரைக்கும் பதினொரு இலக்கம்தான்: நான்கு, மூன்று, நான்கு என்று பிரித்து எழுதுவார்கள். 1974இல்தான் நடுவில் இரண்டு இலக்கம் சேர்த்துப் பதின்மூன்றாக்கினார்கள். பழைய எண்களுக்கு அந்த இடத்தில் 00 போட்டார்கள், அதன் பிறகு புதிதாகப் பதிவான பொருட்களுக்கு 01. முதல் நான்கு இலக்கம் பொருளின் வகை. 8465 என்றால் தனிவீரர் சுமக்கும் உபகரணம், 8415 என்றால் சிறப்பு நோக்க உடை. ஆகவே உங்கள் லேபல் 1974க்குப் பிந்தியது. இதில் சந்தேகமே இல்லை. தோள்பட்டியில் இரண்டு பக்கமும் அமுக்கினால் கழரும் பிளாஸ்டிக் கொக்கி இருக்கிறதே, அதுவும் இதையே சொல்கிறது. அந்த வகைக் கொக்கி 1970களின் பிற்பகுதியில்தான் சந்தைக்கு வந்தது.

அப்படியானால் பை போலியா? அவசரப்பட வேண்டாம். 1965 என்பது பொய், அவ்வளவுதான் இப்போதைக்கு நிச்சயம். 1980களில் நடந்த ஏதோ ஒரு சோதனையின் மிச்சமாகவும் அது இருக்கலாம். ஆனால் எனக்கு இடிக்கும் இன்னொரு விஷயம் இருக்கிறது. கையிருப்பு எண் என்பது களஞ்சியத்தில் வைத்துத் திரும்பத் திரும்பக் கொள்முதல் செய்யப்போகும் பொருளுக்குக் கொடுப்பது. ஐம்பது, நூறு என்று தைத்து ஒரு படைப்பிரிவிடம் கொடுத்துப் பார்க்கும் மாதிரிக்குப் பெரும்பாலும் அந்த எண் இருக்காது. அந்த இடம் வெறுமையாக இருக்கும், அல்லது லேபலே இருக்காது, அல்லது கையால் எழுதிய ஒரு இலக்கம் மட்டும் இருக்கும். முறையான கையிருப்பு எண்ணும் சோதனை முத்திரையும் ஒரே லேபலில் இருந்தால், சாதாரண விநியோகப் பொருளின்மேல் பிறகு யாரோ முத்திரை குத்தினார்களா என்றுதான் நான் முதலில் யோசிப்பேன்.

அடுத்துப் பார்க்க வேண்டியது ஒப்பந்த எண். விற்பவர் அந்த வரியைப் படத்தில் காட்டவில்லை. தற்செயலா, வேண்டுமென்றா என்பது அவருக்குத்தான் வெளிச்சம். 1960களின் சாதாரண விநியோகப் பொருட்களில் டி.எஸ்.ஏ.-100-68-சி என்பது போல ஒரு எண் இருக்கும். டி.எஸ்.ஏ. என்பது பாதுகாப்பு விநியோக முகவரகம், 1977இல் அதன் பெயர் டி.எல்.ஏ. என்று மாறியது. நடுவில் வரும் 68 நிதியாண்டு. அக்காலத்து அமெரிக்க நிதியாண்டு ஜூலையில் தொடங்கியது, ஆகவே 68 என்றால் 1967 ஜூலையிலிருந்து 1968 ஜூன் வரை. இந்த எண்கள் இருந்தால் அது மொத்தக் கொள்முதல். மாறாக டி.ஏ.ஏ.ஜி.17 அல்லது டி.ஏ.ஏ.கே.60 என்று தொடங்கினால் உற்றுப் பாருங்கள். அவை மசாசூசெட்ஸ் மாநிலத்தில் நாட்டிக் என்ற ஊரிலுள்ள இராணுவ ஆய்வுகூடம் நேரடியாகக் கொடுத்த ஒப்பந்தங்களின் எண்கள். முதலாவது 1960களின் பிற்பகுதியிலும், இரண்டாவது 1970களின் பிற்பகுதியிலிருந்தும் வருகின்றன. உடை, உணவு, கூடாரம், பை என்று ஒரு வீரர் உடுத்துவது, தின்பது, சுமப்பது எல்லாவற்றையும் 1950களின் நடுப்பகுதியிலிருந்து அங்கேதான் ஆராய்ந்தார்கள். அந்த எண் இருந்தாலும் பொருள் அபூர்வம் என்று ஆகிவிடாது. ஆராய்ச்சிக்காரர்களின் மேசையிலிருந்து வந்தது என்பதற்கு ஓர் ஆதாரம் கிடைத்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்த எழுத்து விளையாட்டில் நிறையப் பேர் ஏமாறுவது 'எக்ஸ்' என்ற எழுத்தில். எக்ஸ்.எம். என்று பெயர் தொடங்கினால் சோதனை நிலை, ஆகவே கையளவுதான் இருக்கும் என்று நினைக்கிறார்கள். எக்ஸ்.எம்.16.ஈ.1 துப்பாக்கியை 1963இல் அமெரிக்கத் தரைப்படை வாங்கிய எண்ணிக்கை 85,000. பெயரில் எக்ஸ் இருக்க இருக்கவே அது வியட்நாம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. எக்ஸ் என்பது அலுவலகக் காகிதத்தில் இன்னும் கையெழுத்து விழவில்லை என்பதற்கான அடையாளம். மறுபக்கம், ஒரு எழுத்தும் இல்லாமல், லேபலும் இல்லாமல், ஆய்வுகூடத் தையல் அறையில் ஒரே ஒன்று தைத்துப் பார்த்துக் கைவிட்ட பொருளும் உண்டு. அப்படியான ஒன்றைப் படத்தில் பார்த்து யாராலும் உறுதி சொல்ல முடியாது. நானும் சொல்லமாட்டேன்.

பரீட்சார்த்தம் என்ற பெயரில் விற்பனைக்கு வருபவற்றை என் அனுபவத்தில் இப்படிப் பார்க்கிறேன். பெரும்பகுதி, ஆரம்ப உற்பத்திப் பொருட்கள். அமெரிக்கத் தரைப்படையின் பட்டி, பை தொகுதியையே எடுங்கள். பருத்திக் கான்வஸில் செய்த 1956ஆம் ஆண்டு மாதிரி மழையில் நனைந்து கனத்துப் போனது, காயவும் நாளெடுத்தது. அதனால் நைலோனுக்கு மாறிய 1967 மாதிரி வியட்நாமுக்குப் போனது. எடை குறைக்கும் ஆராய்ச்சித் திட்டமொன்று 1960களின் நடுவில் தொடங்கி, 1973 ஜனவரியில் அலிஸ் என்ற புதிய பட்டி, பை தொகுதி ஏற்கப்பட்டதில் முடிந்தது. இந்த இடைவெளியில் ஒரு கொக்கி மாறியிருக்கும், ஒரு பட்டியின் அகலம் மாறியிருக்கும். ஏற்கப்பட்ட பொருளின் முதல் வருட உற்பத்தியிலும் அப்படிச் சின்ன வித்தியாசங்கள் உண்டு. அந்த வித்தியாசத்தைக் காட்டித்தான் சோதனை மாதிரி என்று விலை சொல்கிறார்கள். இன்னொரு பகுதி, களத்தில் இருந்த வீரர்கள் உள்ளூர்த் தையற்காரரிடம் கொடுத்து மாற்றியவை. சைகோனில் இப்படி எவ்வளவோ தைத்தார்கள். அவை அருமையான பொருட்கள், ஆனால் ஆய்வுகூடத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. மூன்றாவது பகுதி சுத்தமான பித்தலாட்டம். அது எவ்வளவு சுலபம் என்று எங்களுக்குத் தெரியாதா? கட்டுநாயக்கவில் பத்து வருடம் மெஷினில் இருந்த எந்தப் பிள்ளையிடமும் பழைய நைலோனும் சரியான நூலும் கொடுத்தால் ஒரு பின்னேரத்தில் 1968ஐத் தைத்துத் தந்துவிடுவாள். மிச்சமிருக்கும் சிறிய பகுதிதான் நாங்கள் தேடுவது.

கையில் கிடைத்தால் எதைப் பார்ப்பது? பத்து மடங்கு பெருக்கும் ஒரு லென்ஸ் போதும், நகைக்கடையில் பாவிப்பார்களே, அது. முதலில் லேபலின் ஓரம். லேபலைத் தைத்த ஊசித் துளைகளுக்குப் பக்கத்தில் வெறும் துளைகள் ஒரு வரிசை தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அங்கே வேறொரு லேபல் இருந்து கழற்றப்பட்டிருக்கிறது. நைலோன் துளையை மறக்காது, எத்தனை தரம் தேய்த்தாலும் இழைகள் பழைய இடத்துக்கு முழுதாகத் திரும்பாது. லேபல் இருந்த இடத்தில் துணி நிறம் மங்காமல் இருக்கும், அந்த மங்காத சதுரம் இப்போதிருக்கும் லேபலின் அளவோடு பொருந்த வேண்டும். பிறகு முத்திரை. மை இழைக்குள் இறங்கியிருக்கிறதா, அழுக்கின் மேல் மிதக்கிறதா? மடிப்புக் கோட்டைத் தாண்டும் இடத்தில் கவனியுங்கள். முத்திரை முதலில், மடிப்புப் பிறகு என்றால் மடிப்பின் உச்சியில் மை தேய்ந்து வெளிறியிருக்கும். மடிப்பு முதலில், முத்திரை பிறகு என்றால் பள்ளத்தில் மை விழாமல் வெள்ளைக் கோடு நிற்கும். இந்த ஒன்றை மட்டும் விற்பவரிடம் கிட்டப் படமாகக் கேட்டால்கூடப் பாதி விஷயம் வெளிச்சமாகும்.

நூலும் பேசும். பொலியெஸ்டர் இழை 1941இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது, ஆனால் நூலாகத் தொழிற்சாலைகளுக்குள் வந்தது 1950களில். ஆகவே 1943ஆம் ஆண்டுப் பொருள் என்று சொல்லி உள்ளே பொலியெஸ்டர் நூல் இருந்தால் கதை முடிந்தது. பின்னால் செய்த பழுதுபார்ப்பு என்றாலும் அதையும் தையல் காட்டிக்கொடுக்கும். வெல்க்ரோ 1950களின் நடுப்பகுதிக்கு முந்தியதாக இருக்க முடியாது. குண்டு துளைக்காத உடைகளில் வரும் கெவ்லர் இழை 1965இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது, மழை புகாமல் வியர்வை ஆவியை மட்டும் வெளியே விடும் கோர்-டெக்ஸ் 1969இல். இவை எல்லைக்கற்கள், இவற்றுக்கு முந்திய தேதியைச் சொன்னால் பொய். பிந்திய தேதியைச் சொன்னால் உண்மை என்று ஆகிவிடாது, அதைக் கவனியுங்கள். புற ஊதா விளக்கில் பிடித்துப் பார்ப்பதைப் பற்றி நிறையப் பேர் பெரிதாகச் சொல்வார்கள். வெண்மையூட்டி கலந்த நூல் நீலமாக ஒளிரும், பழைய பருத்தி ஒளிராது என்பது சரிதான். ஆனால் யாராவது ஒரு முறை இன்றைய சலவைத் தூளில் தோய்த்திருந்தால் எண்பது வருடப் பருத்தியும் பளிச்சென்று ஒளிரும். அந்தச் சோதனையைச் சந்தேகம் எழுப்பப் பாவிக்கலாம், தீர்ப்புச் சொல்லப் பாவிக்கக்கூடாது.

சரி, இதையெல்லாம் தாண்டி வந்த பின்பும், ஒரு பை சோதனைக்காகச் செய்யப்பட்டது என்பதைத் துணியும் நூலும் நிரூபிக்காது. அவை காலத்தைத்தான் சொல்லும். சோதனை என்பது ஒரு சம்பவம்: யாரோ ஒரு குறையைக் கவனித்தார்கள், ஒரு தீர்வு வரைந்தார்கள், தைத்தார்கள், எங்கோ ஒரு காட்டிலோ பனியிலோ கொடுத்துப் பார்த்தார்கள், அறிக்கை எழுதினார்கள். அந்த அறிக்கையில் உங்கள் பையின் படமோ அளவோ பை வகையின் பெயரோ இருந்தால்தான் அது சோதனைப் பொருள். இல்லாவிட்டால் விற்பவரின் வாய்ச்சொல்தான். ஆகவே என் ஆலோசனை தலைகீழாக இருக்கும். முதலில் காகிதத்தைச் சேருங்கள், பொருளைப் பிறகு பாருங்கள். நாட்டிக் ஆய்வுகூடத்தின் தொழில்நுட்ப அறிக்கைகள் பெருந்தொகையானவை இரகசிய நீக்கம் செய்யப்பட்டு, அமெரிக்கப் பாதுகாப்புத் தொழில்நுட்பத் தகவல் மையத்தின் தளத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. காப்புரிமைப் பதிவுகளும் அப்படியே. இராணுவ ஆய்வாளர் எடுத்த காப்புரிமையில் உரிமையாளர் என்ற இடத்தில் தரைப்படைச் செயலாளரால் பிரதிநிதித்துவப்படுத்தப்படும் ஐக்கிய அமெரிக்கா என்று இருக்கும். அந்தச் சொற்றொடரைத் தேடினால் முதுகுப்பைச் சட்டகம், கொக்கி, கையுறை என்று வரைபடத்தோடு வந்து குவியும். பிரித்தானியப் பொருட்களுக்கு லண்டனில் கியூ என்ற இடத்திலுள்ள தேசிய ஆவணக்காப்பகமும் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பும். ஜேர்மனியர் 1976இல் பல உருமறைப்புக் கோலங்களைப் படையினரிடம் கொடுத்துச் சோதித்தார்கள். அதில் தேறியதுதான் 1990இல் பரவலாக வந்த புள்ளிக் கோலம். தேறாத கோலங்களைத்தான் சேகரிப்பாளர்கள் இன்று துரத்துகிறார்கள்.

காகிதம் என்ன தரும் என்பதற்கு, என் தொழிலோடு முட்டிய ஒரு கதை சொல்கிறேன். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளுக்குப் போன அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்களும் பட்டிகளும் சில வாரங்களில் உக்கிப்போயின. எதிரி சுட்டதைவிடப் பூஞ்சணம் தின்றது அதிகமோ என்று களஞ்சியப் பகுதியினர் தலையில் கைவைத்தார்கள். சொலமன் தீவுகளில் உக்கிய கான்வஸ் ஒன்றிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பூஞ்சைக்கு கியூ.எம்.6ஏ என்று இலக்கமிட்டார்கள். கியூ.எம். என்பது குவாட்டர்மாஸ்டர், அதாவது படையின் விநியோகப் பிரிவு. அந்தப் பூஞ்சை பருத்தியைக் கரைக்கும் நொதியை அள்ளிக் கொட்டுகிறது என்பதைப் பிறகு நாட்டிக்கில் எல்வின் ரீஸ், மேரி மாண்டெல்ஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் வருடக்கணக்காக ஆராய்ந்தார்கள். 1977இல் அந்தப் பூஞ்சைக்கு ரீஸின் பெயரையே வைத்து டிரைக்கோடெர்மா ரீசீ என்றார்கள். கூடாரத்தைக் காப்பாற்றத் தொடங்கிய ஆராய்ச்சி அது. இன்று அந்தப் பூஞ்சையின் வழிவந்த நொதிகளைத்தான் டெனிம் துணிக்குப் பழசான தோற்றம் கொடுக்க வொஷிங் பிளான்ட்களில் ஊற்றுகிறார்கள். நானும் ஊற்றியிருக்கிறேன், அதன் சொந்த ஊர் ஒரு உக்கிய கூடாரம் என்று தெரியாமலே. அந்தக் கான்வஸ் துண்டை யாராவது ஏலத்தில் விட்டால் பத்து டொலருக்கும் யாரும் எடுக்கமாட்டார்கள். எனக்கென்றால், நாலைந்துதான் மிச்சம் என்று கூவுகிற எந்தப் பையைவிடவும் அது பெறுமதி.

இதே ஆராய்ச்சியோடு சேர்ந்தது மண்ணில் புதைக்கும் சோதனை. துணியை நாடாவாக வெட்டி, ஈரமான சூடான மண்ணில் புதைத்து, குறித்த நாட்களுக்கு ஒருமுறை எடுத்து இழுத்துப் பார்ப்பது. எங்கள் ஆய்வுகூடத்தில் செய்தபோது, ஒன்றும் பூசாத பருத்தி இரண்டு வாரத்தில் கையால் இழுத்தாலே கிழிந்தது. செப்பு நாப்தனேட் என்ற பூஞ்சணத் தடுப்பு மருந்து ஊட்டிய கான்வஸ் அப்படியே நின்றது. பழைய இராணுவக் கான்வஸில் ஒரு பச்சைச் சாயலும் மண்ணெண்ணெய் கலந்த மாதிரி ஒரு வாடையும் இருந்தால் பெரும்பாலும் இந்தப் பூச்சுத்தான். மோந்து பார்த்தே அடையாளம் காணலாம், ஆனால் முகத்தோடு சேர்த்து மோந்து பார்க்காதீர்கள்.

எங்கள் பக்கத்துச் சரித்திரமும் இதில் கொஞ்சம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இந்தப் பக்கத்து நேச நாட்டுப் படைகளுக்குத் தலைமை தாங்கிய மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் 1944இல் பேராதனைக்கு வந்தது. பர்மாக் காட்டில் 1937 மாதிரிப் பருத்திப் பட்டிகள் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் பிரித்தானியர், இலேசான, உக்காத 1944 மாதிரியைச் செய்தார்கள். அது போர் முடியும் தறுவாயில்தான் தயாரானது, பிறகு மலாயாவில் நன்றாக உழைத்தது. கொழும்பில் பழைய சாமான் கடைகளில் 1937 மாதிரிப் பைகள் எப்போதாவது தலைகாட்டுவதுண்டு. பிரித்தானிய அரசின் சொத்து என்பதைக் காட்டும் அகன்ற அம்புக்குறி, செய்த நிறுவனத்தின் எழுத்துகள், வருடம் மூன்றும் உள்பக்கத்தில் இருக்கும். அம்பைச் சுற்றி சி எழுத்து இருந்தால் கனடாவில் செய்தது. பரீட்சார்த்தம் இல்லை, அபூர்வமும் இல்லை, ஆனால் கண்ணைப் பழக்க நல்ல பள்ளிக்கூடம். இதையும் வாங்குமுன் அடுத்த பத்தியை வாசியுங்கள்.

கொழும்பில் வைத்திருப்பது. போர்க்காலத்தில் இந்த நகரத்தில் வளர்ந்த எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பொலிஸ் பதிவும் சுற்றிவளைப்பும் இருந்த நாட்களில் பச்சை மழைக்கோட்டையே வீட்டில் வைத்திருக்கப் பயந்தோம். உங்களுக்கு அந்த நினைவு இருக்காது, அதனால் சொல்கிறேன். படைவீரர் அல்லாத ஒருவர், படைவீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு படை உடையை அணிவது தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு, அந்த மே மாதத்தில், வாள், பெரிய கத்தியோடு இராணுவச் சீருடையை ஒத்த துணிகளையும் பக்கத்துப் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லிப் பொதுமக்களுக்கு அறிவித்தார்கள். அணியாமல் பெட்டிக்குள் வைத்திருப்பதும், வெளிநாட்டுப் படையின் பழைய பொருள் என்பதும் ஒரு நீதவான் முன்னால் நல்ல வாதமாக இருக்கலாம். விடியப்புறம் கதவைத் தட்டும் உத்தியோகத்தரிடம் அந்த வாதத்தை வைக்க உங்களுக்கு ஆசையா என்பதுதான் கேள்வி. ஆகவே உருமறைப்புக் கோலம் உள்ள எதையும், எந்த நாட்டுடையதாக இருந்தாலும், இங்கே கொண்டுவராதீர்கள். ஒற்றைப் பச்சை நிறப் பை அவ்வளவு சிக்கலில்லை என்று நான் நினைக்கிறேன், ஆனால் அது என் நினைப்பு மட்டுமே. அனுப்பச் சொல்லுமுன் சுங்கத்திலும் பாதுகாப்பு அமைச்சிலும் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். ஒரு சட்டத்தரணியிடம் அரை மணித்தியாலம் கதைக்கும் செலவு, பொதி சுங்கத்தில் நின்றுபோனால் வரும் அலைச்சலைவிடக் குறைவு.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ யாராவது இங்கத்தைய போரின் மிச்சம் என்று உடையோ பட்டியோ தண்ணீர்ப் போத்தலோ கொண்டுவந்து நீட்டினால் தொடாதீர்கள். தடைசெய்யப்பட்ட அமைப்பின் பொருள் என்றால் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் விசாரணைக்குப் போக ஒரு படமே போதுமாக இருந்திருக்கிறது. ரவைப் பைக்குள் ரவை இருக்கலாம். அதைவிட, அது யாருடைய பிள்ளை சுமந்தது என்று தேடிக்கொண்டிருக்கும் தாய்மார் இன்னும் வீதியோரத்தில் படத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அதைச் சேகரிப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. பையோடு சேர்த்து இலவசமாகத் தருகிறேன் என்று வெளிநாட்டு வியாபாரிகள் நீட்டும் சாமான்களிலும் கவனம். பழைய திசையறி கருவிகளின் ஒளிரும் எழுத்தில் ரேடியம் இருக்கலாம், பிந்தியவற்றில் டிரிட்டியம். இரண்டும் கதிரியக்கப் பொருள். போர்க்காலப் பிரித்தானிய நச்சுவாயு முகமூடிகளின் வடிகட்டியில் கல்நார் உண்டு, முகத்தில் மாட்டிப் படமெடுக்க வேண்டாம். இரவுப்பார்வைக் கருவியும் குண்டு துளைக்காத தகடும் அமெரிக்காவிலிருந்து அனுமதியில்லாமல் வெளியேறவே கூடாதவை. தெரியாமல் அனுப்பினாலும் மாட்டுவது உங்கள் சித்தப்பா மகன்தான்.

சட்டம் ஒரு பக்கம், காற்று மறுபக்கம். வெள்ளவத்தைக் கடற்கரையிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தாலும் உப்புக்காற்று வீட்டுக்குள் வரும். கொழும்பில் ஈரப்பதன் வருடம் முழுக்க எழுபத்தைந்து, எண்பது வீதத்தில் நிற்கிறது. அறுபத்தைந்து, எழுபதைத் தாண்டினாலே பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். உங்கள் பை போன்ற நைலோன் பைகளின் உள்பக்கத்தில் தண்ணீர் புகாமலிருக்கப் பொலியூரித்தேன் பூசியிருப்பார்கள். நைலோனுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் அந்தப் பூச்சை ஈரம் மெதுவாக உடைக்கும். முதலில் தொட்டால் பிசுபிசுக்கும், பிறகு செதில் செதிலாக உதிரும், புளித்த வாடை வரும். தொடங்கிவிட்டால் திருப்ப வழியில்லை. நாப்தலின் உருண்டை போடாதீர்கள், உடம்புக்கும் கூடாது, சில பிளாஸ்டிக்கையும் இளக்கும். பொலித்தீன் உறைக்குள் இறுக்கிக் கட்டுவதும் பிழை, உள்ளே மாட்டிய ஈரம் வெளியே போகாது. கஞ்சி போகத் தோய்த்த காடாத்துணியில் சுற்றி, மடிப்பு விழும் இடங்களில் அதே துணியைச் சுருட்டி வைத்து, ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஓடும் அறையில் தட்டையாக வைப்பதுதான் நாங்கள் மாதிரித் துணிகளுக்குச் செய்தது. தோலோடு பித்தளை சேரும் இடத்தில் பச்சையாக மெழுகு மாதிரி ஏதாவது திரண்டால் ஈர்க்குச்சியால் வழித்து எடுங்கள், மினுக்கப் போகாதீர்கள். தோய்க்கவே வேண்டாம். அழுக்கும் வியர்வைக் கறையும் பொருளின் வயதுக்குச் சாட்சி.

இந்த இரண்டு காரணங்களாலும்தான் என்னிடம் முழுப் பொருட்கள் குறைவு. காகிதத்துக்குச் சுங்கம் முகம் சுளிக்காது, உள்ளங்கை அளவு துணி மாதிரியை ஒரு கோப்புக்குள் காப்பாற்றலாம். முழுப் பொருள்தான் வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டால், வாங்கி டொரொன்டோவிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். அங்கே குளிர்காலத்தில் வீட்டுக் காற்று உலர்ந்தது, பைக்கும் நல்லது. நீங்கள் இங்கிருந்து அதன் அறிக்கையைத் தேடலாம்.

ஆனால் இந்தப் பையை இந்த விலைக்கு நான் வாங்கமாட்டேன். விற்பவருக்கு இன்று ஒரு செய்தி போடுங்கள்: லேபலின் ஒப்பந்த எண் வரி, முத்திரை மடிப்பைத் தாண்டும் இடம், லேபலின் நாலு மூலை, லேபலுக்குப் பின்பக்கத் துணி, உள்பூச்சு, எல்லாம் பகல் வெளிச்சத்தில் கிட்டப் படமாக வேண்டும் என்று. 1965 என்பதற்கு என்ன ஆதாரம் என்றும் கேளுங்கள், பதின்மூன்று இலக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல். பதிலும் படமும் வந்தால் இதே கேள்வியின் கீழ் போடுங்கள், ஒப்பந்த எண் டி.ஏ.ஏ.கே.60 என்று தொடங்கினால் அந்த வருடங்களின் நாட்டிக் அறிக்கைகளில் பை சம்பந்தப்பட்டவற்றை நான் தேடித் தருகிறேன். படம் தர மறுத்தால் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள், தம்பி.